இடது ஓரத்து வெளிச்சம்

"இடது கண்ணைப் பொத்தினா கறுப்புத் திரை போயிடுதுக்கா," என்ற தங்கை, எல்லோருக்கும் புரியட்டும் என்று செய்தும் காட்டினாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். "இப்ப இல்ல." கையை எடுத்தாள். "இப்ப இருக்கு."

டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். தங்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்காவுக்கோ, அங்கே யோகா சொல்லித்தரும் டீச்சருக்கோ, தூக்கிவாரிப் போட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது. ஆக்ஞைச் சக்கரம் இருப்பது இரண்டு புருவங்களுக்கும் நடுவில். அங்கே நடக்கிற சங்கதிக்கும் இடது கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஒற்றைக் கண்ணைப் பொத்தினால் காணாமல் போகிற ஞானத்தைப் பற்றி அவள் எங்கும் படித்ததில்லை.

முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரர் கேட்டார். "டீச்சர், டாக்டர்கிட்ட காட்டியாச்சுல்ல?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. காட்டாமல் இருப்பார்களா என்ற முழு நம்பிக்கையில்தான் கேட்டார். அந்த நம்பிக்கைதான் டீச்சரை அறைந்தது.

அவர் அப்படி நம்பியதில் தப்பே இல்லை. கூடத்தின் வாசற்கதவில் டீச்சரே பெயின்ட்டால் எழுதி மாட்டிய பலகை ஒன்று தொங்கியது. 'உடம்புக்கு எது வந்தாலும் முதலில் டாக்டர். சக்கரமெல்லாம் அப்புறம்.' கூரியர் ஆபீஸில் பார்சல் தூக்கி இடுப்பு போய், இடுப்புக்காக யோகா கற்று, பிறகு அதையே பிழைப்பாக்கிக்கொண்டவள் அவள். கல்யாணம் கூடிவரவில்லை, அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டும் இருக்கவில்லை. பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மூன்றாவது வகுப்பிலேயே குண்டலினி எப்போது எழும்பும் என்று கேட்பவர்களிடம், "முதல்ல காலையில நீங்க எழும்புங்க," என்பாள்.

சுவரில் ஏழு தாமரைகள் வரைந்த படம் ஒன்று இருக்கும். முதுகெலும்பின் அடியில் மூலாதாரம், அதற்கு மேல் சுவாதிட்டானம், தொப்புளுக்கு நேரே மணிபூரகம், நெஞ்சில் அனாகதம், தொண்டையில் விசுத்தி, புருவ நடுவில் ஆக்ஞை, உச்சியில் சகஸ்ராரம். "அறுத்துப் பார்த்தா இதெல்லாம் உள்ள இருக்காது," என்றுதான் பாடத்தைத் தொடங்குவாள். "மனசு உட்கார ஏழு இடம், அவ்வளவுதான். கீழ் இடத்துல பயம் அடங்கணும். நடுவுல ஆசையும் கோபமும் அடங்கணும். தரையே போடாம மொட்டை மாடி கேக்கக் கூடாது."

பேக்கரிக்காரர் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் நெஞ்சில் பாரமாக இருக்கிறது, அனாகதம் திறக்கிறதோ என்று பூரித்துப்போய்ச் சொன்னார். டீச்சர் அவரைப் பாயைச் சுருட்டக்கூட விடவில்லை. காதைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தக் குழாயில் அடைப்பு. ஆள் பிழைத்தார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அந்தப் பலகையைப் பற்றித்தான் பேசுவார். அப்படிப்பட்ட பலகைக்குச் சொந்தக்காரிதான் இப்போது வாயடைத்து நின்றாள்.

ஏன் இப்படி ஆனது என்றால், ஆசைதான். வேறு பெயர் எதுவும் இல்லை. தலைமுடி நரைக்கிற காலம்வரை தினமும் விடியலில் உட்கார்ந்து புருவ நடுவில் மனத்தை நிறுத்தியவளுக்கு, ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரிந்ததில்லை. இமையை மூடினால் இருட்டு. இருட்டில் கரண்ட் பில், மாடிப் படியை யார் பெருக்குவது என்ற யோசனை, திரும்பவும் இருட்டு. கோபம் குறைந்தது, தூக்கம் வந்தது, இடுப்பு நேரானது, எல்லாம் நடந்தது. அவள் கேட்டது மட்டும் நடக்கவில்லை. "டீச்சர், உங்களுக்கு ஒளி தெரியுமா?" என்று மாணவர்கள் கேட்டால் லேசாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் இல்லை என்று மறுத்ததில்லை.

தங்கை இதற்கெல்லாம் சம்பந்தமில்லாதவள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் காஜா எடுத்து, பட்டன் வைப்பது அவள் வேலை. சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். டைப்பிங் பாதி, நர்சிங் பாதி, கடைசியில் கல்யாணமும் பாதியில் நின்று அக்காவோடு வந்து ஒண்டிக்கொண்டவள். அதை அக்கா நாளுக்கு ஒருதரமாவது சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை. கழுத்துவலி தாங்காமல்தான் அவளும் மேலே வந்து கடைசி வரிசையில் பாய் போட்டாள். கண்ணை மூடச் சொன்னால் பாதி நாள் குறட்டை கேட்கும்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள். "அக்கா, கண்ணை மூடியிருந்தப்ப ஓரத்துல பளிச்னு மின்னிச்சு."

டீச்சரின் கையில் இருந்த பாய் நழுவி விழுந்தது. "என்ன நிறம்? நீலமா, வெள்ளையா? நின்னுச்சா, ஓடிச்சா? மறுபடி வந்துச்சா?" கேள்வி மேல் கேள்வி கேட்டாள். முதலில் திகைத்தாள், பிறகு வயிறெரிந்தாள், அதை மறைக்க வேண்டாம். இத்தனை வருஷம் வாசலில் காத்துக் கிடந்தவளை விட்டுவிட்டு, குறட்டை விட்டவளுக்குக் கதவு திறப்பதா என்று அன்று முழுக்கப் புழுங்கினாள். மறுநாள் புழுக்கம் அடங்கிப் பரவசம் வந்தது. தனக்கு இல்லாவிட்டால் என்ன, தன் வீட்டுக்குள் வந்துவிட்டதே.

அதற்குப் பிறகு வீடே தலைகீழாக மாறியது. தங்கையைக் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்குக் கொண்டுவந்தாள். காபியைத் தானே கலந்து கொடுத்தாள். பாதியில் விட்ட கதைகள் ஒன்றையும் எடுக்கவில்லை. தினமும் விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்பாள். கதை கேட்கும் குழந்தை மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கண்ணு முன்னாடி கறுப்பா கொசு மாதிரி பறக்குதுக்கா. ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டமா."

"மனசுல இருக்கற அழுக்கெல்லாம் வெளியே போகுதுடி. விடு."

இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கண்ணைத் திறந்திருந்தாலும் மின்னுகிறது என்று தங்கை சொன்னதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். இன்னொருவர் வந்து சொல்லியிருந்தால் கண் டாக்டரின் முகவரியைக் கையில் கொடுத்துப் படியிறக்கியிருப்பாள். பலகை ஊருக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் வரவழைத்து, தங்கையைத் தன் அனுபவத்தைச் சொல்லச் சொன்னது அவள்தான். தங்கை கூச்சத்தோடு எழுந்து நின்று, இன்று காலையிலிருந்து வெளிச்சம் போதாதென்று மூக்கோரமாகக் கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரையும் எழும்புகிறது என்றாள். பொத்தினால் போய்விடுகிறது என்று கையை வைத்துக் காட்டியதும் அப்போதுதான்.

பேக்கரிக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே டீச்சர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். செருப்புப் போட மறந்துபோனாள். பேக்கரிக்காரர் பின்னாலேயே ஓடிவந்து தன் டெலிவரி வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். பிஸ்கட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து போகும்போது தங்கை, "என்னக்கா, ஆக்ஞை திறந்தா ஊர்வலமெல்லாம் உண்டா?" என்று சிரித்தாள். அக்காவின் பல் கிட்டித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடது கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு விளக்கைக் கழற்றிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"விழித்திரை கிழிஞ்சு, சுவரை விட்டுப் பெயர்ந்து வருது. மின்னல் எப்பலேர்ந்து?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்," என்றாள் தங்கை.

"கொசு?"

"அதுவும் ரெண்டு வாரமா."

டாக்டர் பேனாவை மூடினாள். "மின்னல் அடிச்சப்பவே வந்திருந்தா, கிழிசலைச் சுத்தி லேசர் வச்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இப்ப ஆபரேஷன். பார்வை நடுப்பகுதி வரைக்கும் பெயர்ந்துடுச்சு, எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. யாருமே கண்ணைக் காட்டச் சொல்லலையா?"

சுவரில் கண்ணைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் ஒன்று மாட்டியிருந்தது. டீச்சர் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்லவில்லை என்று சொல்ல நினைத்தாள். ஊருக்கெல்லாம் டாக்டர், உடன்பிறந்தவளுக்குச் சக்கரமா என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் காறித் துப்பியது.

"யோகா பண்ணினதால வந்ததா டாக்டர்?" என்று தங்கை கேட்டாள்.

"இல்லம்மா. இவ்வளவு கண்ணாடி பவர் இருந்தா இது யாருக்கும் வரலாம். லேட்டா வந்ததுதான் பிரச்சனை."

"கிழிசல்னு தெரிஞ்சிருந்தா நானே தைச்சிருப்பேன்," என்றாள் தங்கை. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்து அனுப்பினார்கள். அந்த வாயு விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் ஒரு வாரம் குப்புறவே கிடக்க வேண்டும், சாப்பிடும்போதும் தலை நிமிரக் கூடாது என்று கண்டிப்பு. டீச்சர் கூடத்தைப் பூட்டினாள். பூட்டும்போது பலகை கண்ணில் பட்டது. எழுத்து தெரியாதபடி திருப்பி மாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் தங்கையின் தலை கட்டிலின் கால்மாட்டு விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தது. நெற்றிக்கு எதிரே போட்ட ஸ்டூலில் ஒரு தலையணை, மோவாய்க்கு விளிம்பில் ஒரு தலையணை, நடுவில் முகம் தரையைப் பார்த்துத் தொங்கியது. அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமானால் ஒரே வழிதான். டீச்சர் தரையில் மல்லாந்து படுத்து, ஸ்டூலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டாள். இத்தனை காலம் மற்றவர்களைச் சவாசனத்தில் படுக்க வைத்தவள், தங்கையின் முகத்துக்கு நேர் கீழே அப்படிக் கிடந்தாள். மேலே ஒரு கண்ணில் பிளாஸ்டர், மறு கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதாடி?"

"கழுத்துதான். எந்தக் கழுத்துக்காக யோகாவுக்கு வந்தேனோ, அதே கழுத்து."

டீச்சர் சிரிக்க முயன்றாள். அழுகை வந்துவிட்டது. மல்லாந்து படுத்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். "உனக்கு ஒரு நாள்கூட சந்தேகம் வரலியா? டாக்டர்கிட்ட போவோம்னு?"

"வந்துச்சு. கொசு வந்த அன்னிக்கே. கடையில பட்டன் ஓட்டை எது, கொசு எதுன்னு தெரியாம விரல்ல குத்திக்கிட்டேன்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

தலையணைகளுக்கு நடுவில் தங்கையின் மூச்சு புஸ்புஸ்ஸென்று கேட்டது.

"நான் பாதியில விடாத ஒண்ணு இருக்குன்னு நீ முதல் தடவையா நினைச்ச. காபியெல்லாம் போட்டுக் குடுத்த. டாக்டர்கிட்ட போயி அது ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா, திரும்பவும் கடைசி வரிசைதானே."

டீச்சருக்கு மூச்சே நின்றுபோனது. மூச்சை எப்படி விடுவது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அதை விடத் தெரியாமல் கிடந்தாள். ஆசை தனக்கு மட்டும்தான் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். இனி எதையும் மூடி வைப்பதில் அர்த்தமில்லை என்று பட்டது.

"எனக்கு ஒரு நாளும் வெளிச்சம் தெரிஞ்சதில்லடி. அத்தனை பேரும் நம்பறாங்க. நான் பார்த்ததே இல்ல."

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"பார்த்தவளா இருந்தா என்கிட்ட அப்படி ஆசை ஆசையாக் கேட்டிருப்பியா?" என்றாள் தங்கை. தலையை அசைக்கக் கூடாது என்பதால் ஒற்றைக் கண்ணை மட்டும் சிமிட்டினாள். "அதான் மின்னும்போதெல்லாம் நல்லாப் பார்த்து வச்சுக்குவேன். சாயங்காலம் உனக்குச் சொல்லணும்ல."