கட்டில் பலகையில் ஒரு திசைகாட்டி

என் கல்யாணக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்தது நான்தான். யாரும் தூண்டிவிடவில்லை. யாரிடமும் உத்தரவும் கேட்கவில்லை. ரம்பச் சத்தம் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னார். கேட்கட்டும் என்றுதான் வாசல் கதவைத் திறந்துபோட்டு அறுத்தேன்.

எல்லாம் ஒரு படகுக்காக. நானும் என் அண்ணனும் சேர்ந்து வாங்கிய பழைய பாய்மரப் படகு அது. சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் லூமுட் படகுத்துறையில் விட்டுப்போனது. அண்ணன் ஈப்போவில் லாரி ஓட்டுகிறார். இன்ஜின் வேலை அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. நான் மின்சாமான் தொழிற்சாலையில் ஒயர் பற்றவைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். சேற்றில் மாட்டி, மீன்பிடிக்காரர்களிடம் திட்டு வாங்கி, இரண்டு பேரும் பாய் ஏற்றக் கற்றுக்கொண்டோம்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டுன குடும்பத்துக்குப் பாய்மரப் போட்டு கேக்குதா லா?" என்று ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டார்கள். கேட்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். கடல் என்ன, யாருடைய அப்பன் வீட்டுச் சொத்து?

படகில் சுக்கான் பிடிப்பவரின் கண்ணுக்கு நேரே, அறைச் சுவரில், ஒரு முகப்புப் பலகை உண்டு. திசைகாட்டி, தண்ணீரின் ஆழம் காட்டும் மீட்டர், வேகம் காட்டும் மீட்டர் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கும். எங்கள் படகில் அது பிளாஸ்டிக். வெயில் தின்று தின்று அப்பளமாகிவிட்டது. ஒரு நாள் ஆழ மீட்டர் பலகையை உடைத்துக்கொண்டு விழுந்து, ஒயரில் தொங்கியது. புதுசு வாங்கலாமென்றால் அந்த மாதிரிப் பலகையை இப்போது யாருமே செய்வதில்லையாம்.

அண்ணனுக்கு மனசு விட்டுப்போனது. அந்த நேரம் பார்த்து ஈப்போ பழைய டவுனில் காப்பிக்கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே படகை விலைக்குக் கேட்டு வந்தார். படகைக் கடை வாசலில் நிறுத்தி, உள்ளே மேசை நாற்காலி போட்டு, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள விடப்போகிறாராம். பாய்மரம் கூரையில் இடிக்கும், அதை மட்டும் வெட்டிவிடுவாராம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஓடுகிற படகு அது. அதன் காலை ஒடித்து வாசலில் உட்காரவைப்பதாவது!

"முகப்பே போச்சு. இனிமே வெச்சிருந்து என்ன லா செய்யப்போறோம்?" என்றார் அண்ணன்.

"மரத்துல செஞ்சு போடறேன்."

"கடல் காத்துக்கு மரம் தாங்குமா?"

"போட்டே மரத்துல பொறந்ததுதான் அண்ணே. பிளாஸ்டிக்தான் நேத்து வந்தது."

அவர் யோசித்தார். கடைசியில் ஒரு பேச்சு பேசிக்கொண்டோம். புதுப் பலகையோடு பங்கோர் தீவை ஒரு சுற்றுச் சுற்றி ஒழுங்காகத் திரும்பிவிட்டால் படகு எங்களுடையது. பலகையால் ஏதாவது கோளாறு வந்தால் தவுக்கேயிடம் கொடுத்துவிட வேண்டும், மறுபேச்சு கூடாது. சரி என்றேன். சொன்ன பிறகுதான் நல்ல மரத்துக்கு எங்கே போவது என்று யோசித்தேன். வீட்டுக்குள் திரும்பினால், கட்டில்.

அசல் தேக்கு. என் கல்யாணத்துக்கு அண்ணன் சீராக வாங்கிக் கொடுத்தது. என்னை விட்டுப் போன மனிதர் போகும்போது ஐஸ்பெட்டி, டிவி, சுவரில் மாட்டிய காற்றாடி வரைக்கும் கழற்றிக்கொண்டு போனார். கட்டிலை மட்டும் விட்டுவிட்டார். அது பெண் வீட்டுச் சீர் அல்லவா, அந்த அளவுக்கு அவருக்கு மானம் இருந்தது. அதற்குப் பிறகு நான் அதில் படுத்ததே இல்லை. கீழே மெத்தை விரித்துத்தான் தூங்குகிறேன். தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. இழைப்புளியை எடுத்து முதலில் அவற்றைத்தான் சீவித் தள்ளினேன்.

அண்ணன் வந்தபோது தரையெல்லாம் மரத்தூள். ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கல்யாணக் கட்டிலை அறுத்தா வெளங்குமா தங்கச்சி?"

"முழுசா இருந்தப்ப மட்டும் வெளங்குச்சா அண்ணே?"

அவர் முகம் சுருங்கிப்போனது. அந்தக் கட்டிலுக்காக அவர் ராத்திரி பகல் பாராமல் பினாங்குக்கு லோடு ஓட்டியது எனக்குத் தெரியும். எனக்கும் வலித்தது. ஆனாலும் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.

பழைய பலகையை அட்டையில் வரைந்து, அளவு பார்த்து வெட்டி, மீட்டர்களுக்கு வட்ட வட்டமாகத் துளை போட்டு, உப்புக்காற்று புகாதபடி வார்னிஷ் மேல் வார்னிஷாக அடித்தேன். ஒவ்வொரு ஒயரையும் நானே பற்றவைத்தேன். திருகாணி எல்லாம் பித்தளை. பக்கத்தில் இரும்பு இருந்தால் திசைகாட்டி முள் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், படகு தப்பான வழியில் போய்விடும். இதை அண்ணனிடம் விளக்கமாகச் சொன்னேன். இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு "ஆமா, ஆமா" என்றார்.

புறப்படும் நாள் காலையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து நின்றார் அண்ணன். புது லாரி என்றால் சக்கரத்தடியில் பழத்தை வைத்து நசுக்கலாம். சக்கரமே இல்லாத வண்டிக்கு எங்கே வைப்பது? கடைசியில் துறைப் பலகைமேல் வைத்து இரண்டு பேரும் ஆளுக்கொரு காலால் மிதித்தோம். புதுத் தேக்கில் நான் சந்தனப் பொட்டு வைத்தேன். அண்ணன் உள்ளறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் என்னமோ செய்தார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை எடுத்துவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது எல்லாம் அம்சமாக இருந்தது. நல்ல வெயில், நல்ல காற்று. தீவு கண்ணெதிரே நிற்கும்போது திசைகாட்டியை யார் பார்க்கிறார்கள்? பங்கோரைச் சுற்றித் திரும்பும்போதுதான் மழை இறங்கியது. தீவும் போனது, கரையும் போனது, நான்கு பக்கமும் வெள்ளைத் திரை. கைப்பேசியில் வழி பார்க்கலாமென்றால் ஈரத்தில் அது விரலுக்கு அடங்கவில்லை. "காம்பஸைப் பாத்துக் கிழக்கே புடிங்க அண்ணே," என்றேன். அவரும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் பிடித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆழ மீட்டர் கத்தத் தொடங்கியது. தண்ணீர் குறைகிறது, குறைகிறது என்று எண்கள் இறங்கின.

"மீட்டர் கெட்டுப்போச்சு லா! நேராத்தானே போறோம், இங்க ஏது கரை?" என்று கத்தினார் அண்ணன்.

திசைகாட்டி ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? மீட்டரின் ஒயரைப் பற்றவைத்தவள் நான். என் வேலையை நான் நம்பினேன். அண்ணன் கையின் மேலேயே கையை வைத்து, சுக்கானைத் தள்ளிப் படகைத் திருப்பினேன். எண்கள் ஏறின. மழைத்திரை விலகியபோது நாங்கள் விட்டுவந்த பக்கம் கண்டல் மர வேர்கள் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சேற்றில் செருகிக்கொண்டிருப்போம்.

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மீட்டர் சரிதான். காம்பஸ்தான் பேயாட்டம் ஆடுது. எல்லாம் அந்தக் கட்டில் பலகை. அப்பவே சொன்னேன் லா, கேட்டியா? பேசுனபடி தவுக்கேகிட்ட குடுத்துருவோம்."

பேச்சு பேச்சுதானே. ஆனால் தேக்கு எந்த முள்ளையும் இழுக்காது. திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு இறங்கினேன். பலகையின் பின்பக்கம், சரியாகத் திசைகாட்டியின் முதுகுக்குப் பின்னால், ஒரு சின்னப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் லாரியில் ஸ்டீயரிங் பக்கத்தில் இருப்பவர். அடியில் காந்தம் வைத்தவர். காந்தம் மரத்தில் ஒட்டாது அல்லவா, அதனால் இரண்டு பக்கமும் பசையுள்ள டேப் போட்டு ஒட்டியிருந்தார் அண்ணன்.

பிடுங்கி எடுத்து நான்கு எட்டு பின்னால் போனேன். மேலேயிருந்து சத்தம் வந்தது.

"ஏய், திரும்புது! காம்பஸ் தானா திரும்புது லா!"

வெளியே வந்து, பிள்ளையாரின் அடியில் திருப்புளியைக் காட்டினேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அண்ணன் அதைப் பார்த்தார், திசைகாட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாய்க்கு வந்தபடி கத்த வேண்டும் என்றுதான் ஏறி வந்தேன்.

"கட்டிலை அறுத்துட்டியே, உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதான்…" என்றார்.

என் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டேன், தேவைப்படும். பிள்ளையாரைப் படகின் முன்நுனிப் பெட்டிக்குள் கொண்டுபோய் உட்காரவைத்து, "இங்கேருந்து வழி பாருங்க சாமி, முள்ளு பக்கம் வராதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துறைக்குள் நுழையும்போது அண்ணனின் கைப்பேசி அடித்தது. தவுக்கேதான். அண்ணன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, போனைச் சட்டையில் துடைத்துக் காதில் வைத்தார். நான் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தா ஜுவால் லா, தவுக்கே," என்றார் மலாயில். விற்கிறதில்லை.

ஏன் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. அண்ணன் கையை நீட்டி, புதுத் தேக்கின் மேலிருந்த மழைநீரை வழித்துவிட்டார். இந்தப் படகில் என் தங்கச்சியின் கட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.