கிளினிக் கொப்பி

என் மகளுக்குச் சிறுநீரக வருத்தம். ஒன்பது வயதிலிருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசை விழுங்குகிறாள். அந்தக் குளிசை போடுகிறவர்களுக்கு ருபெல்லா ஊசி கூடாது என்று டொக்டர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். எனக்கே விளங்கிய இந்தச் சங்கதி, அவள் சேர்ந்த கல்லூரிக் கந்தோருக்கு மட்டும் விளங்கவில்லை.

புதுப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஊசி போட வேண்டும். வருத்தக்காரர் டொக்டரின் கடிதம் கொண்டுவந்தால் விலக்கு உண்டு என்று அவர்களே அச்சடித்துத் தந்திருந்தார்கள். நானும் அதை நம்பி, பள்ளிமுனையில் என் சின்னக் கடையைப் பூட்டிவிட்டு டொக்டரைப் பார்க்க வவுனியா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். வாங்கி வந்த கடிதத்தில் சீல் இல்லையாம். சீல் குத்திக்கொண்டு வந்தால், கல்லூரிப் படிவத்தில்தான் எழுத வேண்டுமாம். படிவத்தைக் கொண்டுபோன அன்று டொக்டர் லீவு. இதையெல்லாம் அந்தக் கந்தோர்க் கிளாக்கர் முதல் நாளே சொல்லியிருந்தால் வாய் சுளுக்கியிருக்குமா?

கடைசியில் படிவம் சரிவந்தது. வருத்தமும் குளிசையும் பதிந்திருக்கிற கிளினிக் கொப்பியையும் கந்தோர்க் கோவையில் சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும், பிரதி செல்லாது என்றார் கிளாக்கர். அந்தக் கொப்பியைக் காட்டாவிட்டால் ஆஸ்பத்திரியில் மாதக் குளிசை தரமாட்டார்கள் என்று கெஞ்சினேன்.

"அது எங்கட பிரச்சினை இல்லை அம்மா. கொப்பி தரேலாதெண்டால் பிள்ளையை ஊசி லைனில விடுங்கோ."

அவரைக் கதிரையோடு தூக்கி வெளியே போட்டிருப்பேன். மகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கொப்பியும் படிவமுமாக அவளை விறாந்தையில் இருத்திவிட்டு அதிபரிடம் முறையிடப் போனேன். அவர் கூட்டத்தில் இருந்தார். திரும்பி வந்தால் மகளைக் காணவில்லை. ஊசி போடும் மண்டபத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டு, தாதியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நான் ஓடிப் போவதற்குள், ஏதும் வருத்தத்துக்குக் குளிசை போடுகிறீரா என்று தாதி கேட்டுவிட்டார். மகள் தயங்கித் தயங்கிக் கொப்பியை நீட்டினாள். அவர் ஒரு பக்கம்தான் புரட்டினார். "உமக்கு இந்த ஊசி கூடாது, எழும்பும்" என்று சொல்லி, படிவத்தில் ஒரு வரி எழுதி ஒப்பம் வைத்து, கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கிளாக்கரும் மறுபேச்சில்லாமல் அந்தப் படிவத்தைக் கோவையில் போட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மகளை ஏசித் தள்ளினேன். அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"நீங்கள் இன்னொருக்கா அந்த ஆளிட்டக் கெஞ்சிறதைப் பாக்க ஏலாதம்மா. அந்த நேர்ஸ் கேக்காமல் விட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டன்."

மன்னார்ப் பாலம் தாண்டும்வரை கொப்பியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.