தலைக்கு ஆறு ரூபாய்: காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் ஒரு நாள்

தங்கைக்கு வைகாசியில் கல்யாணம். கூறைப்புடவை காஞ்சிபுரத்துத் தறியில் இருந்தது. அதை வாங்கி வர என்னை அனுப்பினார்கள். என் மனைவி தவறி ஏழு மாதமாகிறது. அதிலிருந்து வெளியூர் வேலை எது வந்தாலும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். நானும் போய் வருகிறேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை. செங்கல்பட்டில் காலை ஏழு இருபதுக்கு வண்டி. இருபத்திரண்டு மைல், ஒன்றேகால் மணி நேரம், மூன்றாம் வகுப்புக்கு ஆறணா. எதிரே ஒரு காலேஜ் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். தேசத்தின் மொத்த வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்கிறார்களே, அது ஏறினால் பணக்காரனுக்கும் ஏழைக்கும் உள்ள இடைவெளி குறையுமா, கூடுமா என்று கேட்டார். நான் பாலம் கட்டும் இலாகாவில் ஓவர்சியர். மொத்தப் பாரத்தைத் தூண்களின் எண்ணிக்கையால் வகுத்து நாங்கள் எந்தத் தூணையும் கட்டுவதில்லை என்றேன். ஆனாலும் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. பல நாளாக எதுவும் அப்படி ஒட்டியதில்லை.

ஸ்டேஷனிலிருந்து பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவுக்கு ஜட்கா இரண்டணா. காத்திருக்க இன்னும் இரண்டணா. வண்டிக்காரர் காதர் பாய் இரண்டு புது மாடி வீடுகளைக் காட்டினார்.

"இந்தத் தெருவுல இப்ப ஜோரா பணம் நடமாடுது சார்."

"உங்கள் வண்டிக்கும் வந்ததா?"

"கொள்ளு வெலைதான் சார் ஏறிக்கினு போவுது."

தறிக்காரர் ஏகாம்பரம் வாசலிலேயே வந்து வரவேற்றார். கூலியைப் பற்றிக் கேட்டேன். முன்பு புடவைக்கு எட்டு ரூபாய், ஆர்டர் பெருகியதால் முதலாளி பன்னிரண்டாக்கிவிட்டார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். குரல் ஏன் தாழ்ந்தது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே, புடவையில் இன்னும் அரை முழம் பாக்கி. உடல் அரக்கு, கரை பச்சை. இரண்டும் வேறு நிறம் என்பதால் ஒருவரால் நெய்ய முடியாது. ஏகாம்பரம் தறிக்குழியில் கால் வைத்து உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய அண்ணி குப்பம்மாள் கரைக்கான நாடாவை, அதாவது நூல் வைத்த ஓடத்தை, வீசினார். அண்ணன் போன பிறகு அந்த இடம் அவருடையதாம். இரண்டு நாடாக்களும் மாறி மாறி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வாய்விட்டே கணக்குப் போட்டேன்.

"முன்பு தலைக்கு நாலு ரூபாய். இப்போது ஆறு."

குப்பம்மாளின் கையில் நாடா நின்றது.

"எந்தத் தலைக்குப்பா ஆறு? எனக்கு ரெண்டுதானே வருது. எட்டுலயும் ரெண்டு, பன்னெண்டுலயும் ரெண்டா?"

"அண்ணி, வெளியாளு முன்னாடி..."

"வெளியாளுதான் சொன்னாரு. நீ சொல்லலியே."

"சொந்தத்துக்குள்ள கணக்கு பாப்பாங்களா?"

"நீ பாத்துக்கினுதானே இருந்திருக்கே! ஏறின நாலுல பாதி எனக்கு. இல்லாங்காட்டி கரையையும் நீயே வீசிக்கோ."

ஏகாம்பரம் வீசித்தான் பார்த்தார். குழியிலிருந்து ஏறி, பக்கவாட்டில் ஓடி, மறுபடி குழியில் இறங்கி. நாலாவது தடவையில் நூல் சிக்கியது.

"என் குதிரை கூட இவ்ளோ ஓடாதுப்பா!" என்றார் வாசலிலிருந்து காதர் பாய்.

அந்த இரண்டு ரூபாயை நானே தருகிறேன் என்றேன். நாலு பத்துக்கு எனக்கு வண்டி.

"ஒன் காசு எதுக்குப்பா? நீ இன்னிக்குப் பூடுவே. நாளைக்கும் நான் இதே தறியிலதானே குந்தணும்."

ஏகாம்பரம் மூன்று என்றார். குப்பம்மாள் நாடாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, நாலு."

"இந்தப் பொடவைக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்தான். வீசு அண்ணி!"

நாடா பறந்தது. மூன்று மணிக்குப் புடவை என் கையில்.

ஜட்காவில் வரும்போது வாத்தியாரின் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு ஏகாம்பரத்துக்கு ஆறு, குப்பம்மாளுக்கு இரண்டு. கூலி ஏறியதும் பத்து, இரண்டு. தலைக்கணக்கில் ஏற்றம்தான், ஆனால் இடைவெளி நாலிலிருந்து எட்டாகிவிட்டது. இப்போது எட்டு, நாலு. அதாவது மறுபடி நாலு. வருமானம் ஏறும்போது இடைவெளியும் ஏறாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு யாராவது நாடாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தறியை வைத்து ஒரு தேசத்தைச் சொல்லிவிட முடியாது, தெரியும்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பாலூர் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது.

போகிறவர்களுக்கு: காலை வண்டியைப் பிடியுங்கள், மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஜட்காவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். தறி வீட்டில் கூலி எவ்வளவு என்று கேட்பதாக இருந்தால் வாசலில் கேட்காதீர்கள். தறிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு பேர் காதிலும் விழும்படி கேளுங்கள்.