மேற்குக் கரையில் பதினான்கு வீடுகள்

எங்கள் பற்றில், அதாவது எங்கள் வட்டாரத்தில், அழிந்துபோன பழைய ஊர்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் உண்டு. மட்டமான காகிதம், நல்ல அச்சு. அதைத் தொகுத்தவன் நான். இன்றைக்கும் ஊரில் யாராவது பழங்கதை பேசினால் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து வைத்துச் சத்தியம் பண்ணாத குறையாகப் பேசுகிறார்கள். என்னைக் கண்டால் கைகொடுக்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கைகொடுக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். இரண்டாம் யுத்தம் வருவதற்குச் சில வருடங்கள் இருந்தன. நான் கொழும்புக் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். குடியிருப்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். எங்கள் பற்று வடக்கே, வன்னி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு வந்து உத்தியோகம் பார்த்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என் வீட்டு விறாந்தையில் நடக்கும். தலைவர் கொள்ளுப்பிட்டியில் கந்தோர் வைத்து வழக்குப் பார்த்த ஒரு பிரக்கிராசி. கோட்டு வழக்குகளைப் போலவே எங்களையும் பொறுமையாகக் கேட்பார். கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக நான் செயலாளர்.

ஒரு காலத்தில் சனம் வாழ்ந்து பிறகு இல்லாமற்போன குறிச்சிகள் எங்கள் பற்றில் ஆறு என்று கணக்கு. ஒன்றைப் பேதி கொண்டுபோனது. இரண்டைக் காய்ச்சல். ஒன்றின் குளம் உடைந்தது. ஒன்று யானைத் தொல்லையால் கலைந்தது. இன்னொன்றில் கோயில் சண்டை முற்றிப் பாதிப் பேர் எழுந்து போக, மீதிப் பேர் தனியே இருக்கப் பயந்து அவர்கள் பின்னால் போனார்கள். இப்போது அந்த இடங்களில் தூர்ந்த கிணறும் புளியமரமும் காட்டுக்குள் ஒரு படிக்கல்லும்தான் மிச்சம். இதையெல்லாம் எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கியவன் நானேதான். பழைய காணி உறுதிகளை வாங்கிப் படித்தேன். ஊருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். எனக்குள் ஒரு சரித்திரகாரன் இருப்பதாக அப்போது பலமான நினைப்பு.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு ஒருவர் வந்து கேற்றடியில் நின்றார். கொட்டாஞ்சேனையில் குடியிருந்து துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் ஊரார்தான், ஆனால் ஊரில் அவருடைய ஆட்கள் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை, எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்லை. அங்கே என்றால் அவர் என்னை ‘நயினார்’ என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கொழும்பில் ‘ஐயா’ போதுமாயிருந்தது. நானும் அவரை ‘நீ’ என்று சொல்லாமல் ‘நீர்’ என்றேன். அதைப் பெரிய தாராளம் என்று எண்ணி மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“அழிஞ்ச குறிச்சியளைப் பற்றி எழுதுறியளெண்டு ஹாபரிலை கதைச்சவை ஐயா,” என்றார். “எங்கடையும் அழிஞ்சதுதானே.”

“உம்முடைய குறிச்சி எது?”

“குளத்துக்கு மேற்காலை. பதினாலு வீடு.”

எனக்கு அந்த இடம் தெரியும். எங்கள் புகையிலைத் தோட்டம் அங்கேதான் இருந்தது.

அவரை விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினேன். மற்றவர்கள் கையில் எல்லாம் கோப்பையில் தேத்தண்ணீர். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போய் ஒரு சோடா வாங்கி வந்தேன். பார்க்கிறவர்களுக்கு அது விருந்தாளிக்குச் செய்த மரியாதை. ஆனால் போத்தலில் வாய் வைத்துக் குடித்தால் போத்தல் கடைக்குத் திரும்பிவிடும்; வீட்டுக் கோப்பைக்கு ஒன்றும் வராது. கொழும்பில் எங்களைப் போன்ற படித்த வீடுகளில் இந்த உபாயம் இருந்தது. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் “உங்களுக்கேன் ஐயா கரைச்சல்” என்று சொல்லிக்கொண்டே குடித்தார். அவருக்கு விஷயம் விளங்கவில்லை என்று நான் நம்பினேன்.

ஐந்து ஞாயிறு வந்தார். நான்கு சோடா. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, நானாவின் கடையும் பூட்டு. அன்றைக்கு எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்க, “நான் இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்” என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

தாய் சொல்லிக்கொடுத்தபடி, குளக்கட்டிலிருந்து தொடங்கி, பதினான்கு வீட்டையும் வரிசை பிசகாமல் சொன்னார். முதல் வீட்டில் பாம்புக்கடிக்கு மருந்து தெரிந்த ஒருத்தி. நான்காவது வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். ஏழாவது வீட்டுக்காரர்தான் குளத்தின் மடை திறப்பவர். கடைசி வீட்டில் வாசலில் ஒரு மாதுளை. ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர்களின் பெயர்கள். கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த அவருடைய மகள் அத்தனையையும் ஒரு கொப்பியில் வடிவாக எழுதிக் கொடுத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் குறிச்சி அழிந்த விதம் இருந்தது. காய்ச்சல் அல்ல. ஒரு கோடையில் அவர்களுடைய கிணறு வற்றிப்போக, ஒரு பெண் எங்கள் ஆட்களின் கிணற்றில் ஒரு குடம் அள்ளிவிட்டாள். மறுநாள் பட்டப்பகலில், காற்று எழும்பும் நேரம் பார்த்து, பதினான்கு கூரைக்கும் நெருப்பு வைத்தார்கள். அவருடைய தாய் நிறைமாத வயிற்றோடு குளத்துக்குள் இறங்கி நின்றாள். அந்த வயிற்றில் இருந்தவர் அவர்.

வைத்தவர்கள் யார் என்று கொப்பியில் இல்லை. கேட்டேன்.

“அது வேண்டாம் ஐயா,” என்றார். “இருந்தவையின்ரை பேரைப் போட்டால் காணும். எங்களுக்கும் ஒரு ஊர் இருந்ததெண்டு பிள்ளையள் அச்சிலை பாக்கவேணும், அவ்வளவுதான்.”

எங்கள் தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் கரியும் உடைந்த சட்டி ஓடுகளும் வரும். பழைய சூளை இருந்த இடம் என்று என் தகப்பனார் சொல்லியிருந்தார். அன்றைக்கு அந்த விறாந்தையில் இருந்தபடியே, அது சூளை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“போடுவன்,” என்றேன். “ஏழாவது குறிச்சியாய்ப் போடுவன்.”

அவர் எழுந்து நின்று தலையை ஆட்டினார்.  கண் கலங்கியிருந்தது.

எழுதவும் எழுதினேன். நான்கு பக்கம். பதினான்கு வீடு, அத்தனை பெயர், நெருப்பு எல்லாம். தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார், பழி அவர் தலையில் போய்விடும் என்று உள்ளூர ஓர் ஆசை. மனிதர் ஆறுதலாகப் படித்து முடித்தார்.

“உது உம்மடை தோட்டமெல்லோ?”

“ஓம்.”

“உமக்குச் சரியெண்டால் எனக்குச் சரி. வடிவாய்த்தான் எழுதியிருக்கிறீர்.”

அன்று கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்தே வந்தேன். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தகப்பனார் புத்தகத்தைப் படித்தால் என்ன நினைப்பார், ஊரில் தலைகாட்ட முடியுமா, தங்கைக்கு வந்த சம்பந்தம் குழம்புமா என்று நடந்த தூரமெல்லாம் எண்ணினேன். கொப்பி எழுதிய பெண்ணை ஒரு தரமும் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்தையும் கிழித்தேன். அந்த இடத்தில் ஒரு வசனம் எழுதினேன்: ‘குளத்தின் மேற்குக் கரையிலும் சில குடிசைகள் இருந்து காய்ச்சலால் அழிந்தன என்பர்.’ அந்த ‘என்பர்’ என் கெட்டித்தனம். யாராவது கேட்டால் நழுவலாம்.

புத்தகம் வந்தது. பாராட்டுக் கூட்டம் நடந்தது. அவருக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு மாதம் போனது. எப்படியும் ஒருநாள் அவர் கையில் அகப்படும், அதற்கு முன் நானே கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மரியாதையில் எனக்கு எப்போதும் குறைவில்லை. ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன்.

கோயில் மணி கேட்கும் ஓர் ஒழுங்கையில் ஒற்றை அறை வீடு. என்னைக் கண்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையைத் துடைத்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, “பிள்ளை, வாசி” என்று மகளிடம் கொடுத்தார். அவருடைய மனைவி எங்கேயோ அவசரமாக வெளியே போனாள்.

மகள் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை புரட்டினாள். பிறகு இன்னொருமுறை. அதற்குப் பிறகு அந்த வசனத்தைக் கண்டுபிடித்துச் சத்தமாக வாசித்தாள். என் ‘என்பர்’ அந்தச் சின்னக் குரலில் வந்தபோது நான் வாசற்படியைப் பார்த்தேன்.

“காய்ச்சல் எண்டு போட்டிருக்கிறியள்,” என்றார் அவர்.

“ஓம்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கோபித்திருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அவருடைய மனைவி திரும்பி வந்தாள். கையில் ஒரு சோடா. பலகையில் மூன்று கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன, அடுப்பில் தண்ணீரும் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் போத்தலை வாங்கி உடைத்து என்னிடம் நீட்டினார்.

“குடியுங்கோ ஐயா. உங்களுக்கு உதுதான் சுகமெண்டு எனக்குத் தெரியும்.”

குரலில் குத்தல் இல்லை. வந்தவனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் அவளை அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் முதல் ஞாயிறே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. நான்கு சோடாவையும் விளங்கிக்கொண்டே குடித்திருக்கிறார், அந்தப் பதினான்கு வீடும் அச்சில் வரவேண்டும் என்பதற்காக. தேத்தண்ணீர் தாருங்கள் என்று நான் அப்போதாவது கேட்டிருக்கலாம்.  மூன்று பேரும் பார்த்திருக்கச் சோடாவை முழுதும் குடித்து முடித்தேன்.

“நீங்கள் தந்த கொப்பியைக் கொண்டுவந்து தாறன்,” என்றேன். அவரை ‘நீங்கள்’ என்றது அதுதான் முதல் தடவை.

“உங்களிட்டையே இருக்கட்டும் ஐயா. எங்களுக்கு மனப்பாடம்.”

கொப்பி இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. எனக்கும் இப்போது மனப்பாடம். தகப்பனார் போய்விட்டார், தலைவர் போய்விட்டார், தங்கை பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். பயப்படுவதற்கு ஆட்கள் இல்லை. ஆனாலும் இவ்வளவு பக்கம் எழுதியும் அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதவில்லை. தம்பியின் மகன் அந்தத் தோட்டத்தில் இந்த வருடமும் புகையிலை நட்டிருக்கிறான்.