பாதக்கல்

எங்கள் தோட்டத்து ரப்பர் மலையில் இடிந்த கோயில் ஒன்று கிடந்தது. தெரணியகலை பஸ் திரும்பிப்போகிற இடத்திலிருந்து இன்னும் ஏறவேண்டும். சுவர் என்று சொல்ல இடுப்பளவு கருங்கல்தான் மிச்சம். அதையும் வேர் பிளந்திருந்தது. யுத்தம் ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் அதைத் தோண்டக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்குச் சிங்களம் எழுத வாசிக்க வரும். அதனால், கிடைக்கிற கல்லையும் ஓட்டுத் துண்டுகளையும் துடைத்து இலக்கம் போடுகிற வேலை தந்தார்கள்.

நாங்கள் மாத்தியா, அதாவது ஐயா, என்று கூப்பிட்ட தலைவர் தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுவார். இந்தக் கோயிலுக்குச் சொந்தமாக ஒரு கல்கூடக் கிடையாது என்று வந்த புதிதிலேயே சொன்னார். அதற்கும் பல காலம் முந்திய பிக்குமார் மடம் ஒன்று பக்கத்தில் பாழாகிக் கிடந்து, அந்தக் கல்லையெல்லாம் பொறுக்கிவந்து கட்டியதாம். காட்டியும் தந்தார். நிற்கவேண்டிய தூணைப் படுக்கவைத்துச் சுவராக்கியிருந்தார்கள். நிலைக்கல்லில் எழுத்து தலைகீழாக இருந்தது. படிக்கல்லில் ஏதோ ஒரு கதவுக்கான குழி இருந்தது, அந்தக் கதவு இந்தக் கோயிலுக்கு உரியதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு வந்தும் அதையே பேசி எல்லாரையும் அறுத்தேன்.

அந்தக் கொழுப்பில்தான் மாத்தியாவைப் பாதக்கல்லுக்குக் கூட்டிப்போனேன்.

பாதக்கல் என்பது மலையடியில் பலாமரத்துக்குக் கீழே கிடந்த ஒரு பலகைக் கல். அதில் இரண்டு பாதங்கள் எழும்பி நிற்கும், நடுவில் ஒரு துளை. அம்மனின் காலடி என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே இல்லை. ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் முதல் மரத்தில் கத்தி வைக்குமுன் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். பூசிப் பூசி மஞ்சள் தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது. எனக்கு முன்னால் பிறந்தவை தங்காமல் போனபின், அம்மா அந்தக் கல்லில் தலைவைத்து அழுதுதான் என்னைக் கேட்டாளாம். பிறந்ததும் என்னை அதன்மேல்தான் கிடத்தினார்கள். முதல் மொட்டையும் அங்கேதான். லயத்தில் எனக்குப் பெயரே பாதத்துப் புள்ள.

மாத்தியா குந்தி உட்கார்ந்து பார்த்தார். துளைக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். யார் பூசை செய்வது என்று கேட்டார். அம்மாதான், எல்லாரும்தான் என்றேன் பெருமையாக. அவர் குச்சியைக் கீழே போட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: அது அந்தப் பழைய மடத்துப் பிக்குமார் குந்திச் சிறுநீர் கழித்த கல். பாதம் கால் வைக்க, துளை வடிந்துபோக. அவரோடு தோண்ட வந்து பின்னால் நின்ற மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூட வந்திருந்த எங்கள் லயத்து ஆட்களுக்கோ சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. பாதத்துப் புள்ள கக்கூஸ் புள்ள ஆனேன். தண்ணீருக்கு நிற்கையில் ஒருத்தி என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்தாள். மானம் கப்பலேறிவிட்டது. தோட்டத்துக் கோயில் கமிட்டி கூடி, இனி யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றது. கல்லை நூதனசாலைக்கு, மியூசியத்துக்குத்தான், கொண்டுபோக மாத்தியா லொறி சொல்லிவிட்டார். பெண்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் பூசுவதை நிறுத்திவிட்டார்கள். அம்மா மட்டும் மறுநாளும் மஞ்சள் கிண்ணத்தோடு போனாள்.

அவள் குனிந்து பூசுவது நாங்கள் தோண்டுகிற இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். மாணவன் ஒருவன் அதைப் படம் எடுத்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தலை நிமிராமல் ஓட்டுத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்று கத்தினேன். "ஒனக்கு வெக்கமே இல்லியாம்மா? மூத்திரக் கல்லப் போயி கும்புடுற. என்னையப் பாத்து தோட்டமே சிரிக்குது."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அது என்னா கல்லுன்னு நான் கேக்கலடி. ஒன்னையத்தான் கேட்டேன்."

 கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

லொறி வரவேண்டிய நாளில் இடிந்த கோயிலின் கருவறையைத் துப்பரவாக்கினோம். மண்ணை வழித்துக்கொண்டே போக, சாமி பீடத்துக்கு நேர் முன்னால், தரையோடு தரையாகப் பதித்த இன்னொரு கல் வெளிப்பட்டது. இரண்டு பாதங்கள். துளையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார்கள். பாதங்களைச் சுற்றி எண்ணெய்க் கறுப்பு, உடைந்த அகல்கள். மாத்தியா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தக் கோயிலைக் கட்டியவர்களும் அதே மாதிரி மடத்துக் கல்லைக் கொண்டுவந்து காலடியாக வைத்து விளக்கேற்றியிருக்கிறார்கள் என்றார். தெரியாமல் வைத்தார்களோ தெரிந்தே வைத்தார்களோ, அதை இனி யாராலும் சொல்லமுடியாது என்றார். அதோடு, கீழே இருக்கிற கல்லில் மஞ்சளைத் தொடவே கூடாது, அப்படியே போகவேண்டும், அம்மா பூசியதும் அந்தக் கல்லின் சரித்திரம்தான் என்றார்.

நான் ஓடினேன். ரப்பர் சருகில் வழுக்கி விழுந்து, எழும்பி மறுபடி ஓடினேன். அம்மாவிடம் இதைச் சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

பலாமரத்தடியில் அம்மா குந்தியிருந்தாள். பக்கத்தில் வாளி, சாம்பல், தேங்காய் நார். கல் மொட்டையாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சுற்றிலும் மண் மஞ்சளாக ஊறியிருந்தது. கல்பாதத்தின் விரல் இடுக்குகளில் மிச்சமிருந்ததையும் பால் வெட்டும் கத்தி நுனியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கல்லு மஞ்ச குங்குமத்தோட போனாத்தானே எவ கும்புட்டான்னு கேப்பாங்க" என்றாள். "இனிமே ஒன்னைய யாரும் சிரிக்கமாட்டாங்க."

 என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கீழே ரோட்டில் லொறி சத்தம் கேட்டது. மாத்தியா இறங்கி வந்து கல்லைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  இலக்கம் போட்டுவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஈரக் கல்லில் எழுத முடியாது. காயும்வரை நானும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் கை முழங்கைவரை மஞ்சளாக இருந்தது.

"சுத்தமா இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றேன்.