செத்த கட்டையைச் சுற்றிப் போன பாடல்கள்

செலின் அக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது நான் கண்டாவளையில் வயலுக்குப் பசளை வீசிக்கொண்டிருந்தேன். "அண்ணை, அக்கா காலமை எங்களை விட்டுப் போட்டா" என்றார். வாளியை வைத்துவிட்டு வரம்பிலேயே இருந்துவிட்டேன். அழுகை வரவில்லை. எங்களோடு பாடிய நிமலன்மேல் ஆத்திரம்தான் வந்தது. அக்காவை அறிந்த நீங்கள் இதைக் குறையாக எடுக்கமாட்டீர்கள்.

நாயாற்றுப் பக்கம் மாதா கோவில் மண்டபத்தில் தொடங்கியது எங்கள் இசைக்குழு. அக்கா கீபோட், நான் ட்ரம்ஸ், நிமலன் பாட்டும் கிற்றாரும். மெட்டெல்லாம் அக்காவுடையது. சினிமாப் பாட்டு வாசிக்கமாட்டோம் என்றதால் ஒருவரும் எங்களைக் கலியாண வீட்டுக்குக் கூப்பிடவில்லை. "கூப்பிடாட்டி நல்லது, பழக நேரம் கிடைக்கும்" என்பார் அக்கா.

அந்தக் கீபோட்டைக் கெடுத்தது நான்தான். சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தபோது வழியில் மழை கொட்டியது. உரப்பையால் மூடியும் பயனில்லை. கழற்றி இரண்டு நாள் வெயிலில் வைத்தோம். எல்லாக் கட்டைகளும் சத்தம் போட்டன, நடுவில் இருந்த ஒன்றைத் தவிர. திருத்த அப்போது இங்கே ஆளில்லை. நான் முகம் கொடுக்க முடியாமல் நின்றேன். அக்கா என்னை ஏசவில்லை. "செத்ததைச் சுத்திப் போவம் தம்பி" என்றார். அந்தக் கட்டையைத் தொடாமலே எட்டுப் பாட்டுக் கட்டினார். மெட்டு அந்த இடத்துக்கு வந்ததும் துள்ளித் தாண்டிவிடும். கேட்டவர்களுக்கு அந்தத் துள்ளல்தான் பிடித்தது.

நிமலன் வெளிநாடு போய்ப் பெயர் எடுத்தான். போன வருடம் அந்த எட்டையும் தொகுத்து 'தொடக்கப் பாடல்கள்' என்று சீடி இறுவட்டாக்கினான். அட்டையில் 'இசை: நிமலன்'. உள்ளே, அந்தத் துள்ளல், தான் கிற்றாரில் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த புதுமை என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். கடைசி வரியில், பொடி எழுத்தில், 'உதவி: செலின்'. நான் அதைக் கொண்டுபோனபோது அக்கா குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து வாசித்தார். "நான் என்ன உதவி செய்தனான்? தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனானோ?" என்று கேட்டார். அன்றே அவனுடன் கதைத்தார். பெயரைத் திருத்தச் சொல்லி வாய் எடுத்ததும் அவன் போனை வைத்துவிட்டான். "விடுங்கோ தம்பி, எங்கட பெடியன்தானே" என்றார். அவர் விட்டார், நான் விடவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அதே மண்டபத்தில் நினைவுக் கூட்டம். நிமலனும் வந்திருந்தான், ஒரு பெட்டி இறுவட்டோடு. அக்காவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, தன்னுடைய மெட்டுகளைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, அக்காவின் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அந்தப் பழைய கீபோட்டைத் தூக்கி அவன் முன்னால் வைத்தேன்.

"உன்ர பாட்டுத்தானே, வாசி."

எல்லாரும் கை தட்டியதால் வாசித்தான். மழைக் கதையை அவன் எப்போதோ மறந்திருந்தான். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. ஓரிடத்திலும் சத்தம் விடுபடவில்லை.

"இப்ப நடுவில இந்தக் கட்டையை அமத்து."

அமர்த்தினான். சத்தமில்லை. திரும்பவும் அமர்த்தினான். ஒலிவாங்கியை வாங்கி, நான் கீபோட்டை நனைத்த கதையைச் சபைக்குச் சொன்னேன். கிற்றாரில் எல்லாச் சுரமும் இருந்தது, அதில் மெட்டுப் போட்டவனுக்கு எட்டுப் பாட்டிலும் இந்த ஒரு சுரத்தைத் தாண்ட என்ன தேவை என்று கேட்டேன். முன் கதிரையில் இருந்த கரையோரத்து மாமி ஒருவர் எழும்பி, "அப்ப எட்டும் எங்கட செலின்ர பாட்டு" என்றார். மண்டபமே அவனைப் பார்த்தது.

"மச்சான், இதை வீட்டில கதைச்சிருக்கலாம்" என்றான் மெல்ல.

"அக்கா கதைச்சவா. நீதான் போனை வைச்சனீ."

அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோசத்தை மறைக்கமாட்டேன். அடுத்த பதிப்பில் பெயரைத் திருத்துகிறானாம். திருத்தட்டும். அக்கா வாசிக்கப்போவதில்லை.

கீபோட்டை அவருடைய தம்பி என்னிடமே தந்துவிட்டார். கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, அந்தக் கட்டையைத் திருத்தப் பத்து நிமிட வேலை என்றார். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். அக்காவின் பொறுமை என்னிடம் இல்லை, அவர் கொடுத்த மன்னிப்பும் இல்லை. சாட்சிக்கு இந்தக் கட்டை மட்டும் இருக்கிறது. நிமலன் உயிரோடு இருக்கும்வரை இது செத்தே கிடக்கட்டும்.