பலகையில் அருமைராசா

மொன்ட்ரியாலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அந்த ஆறு மாடிக் கட்டடத்தை இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவர் அருமைராசா. குழாய் ஒழுகினாலும் அவர்தான், படியில் பனி இறுகினாலும் அவர்தான். சம்பளத்தோடு நிலவறையில் ஒரு வீடும், நாற்பத்தெட்டு வீட்டுச் சாவி கோத்த ஒரு வளையமும் கொடுத்திருந்தார்கள். அந்த வளையத்தை இடது இடுப்பில் கொழுவிக்கொண்டு நடந்தால், கட்டடமே தன்னுடையது என்ற நினைப்பு மனிதருக்கு. மனைவி யோகராணி. அவளுடைய தம்பி பேரின்பநாதனும் அதே கட்டடத்தில்தான் இரண்டாம் மாடி. அவனைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டதே அருமைராசாதான். அவர் அதை மறக்கவில்லை, தம்பிக்காரன் மறந்துவிட்டான்.

அருமைராசாவிடம் ஒரு கெட்ட பழக்கம். கதவைத் தட்டுவார், உள்ளேயிருந்து பதில் வர முன்னமே சாவியைப் போட்டுத் திறந்துவிடுவார். இரண்டு முறைப்பாடு போய்விட்டது. "இன்னொன்று வந்தால் சாவியையும் வைத்து, வீட்டையும் விட்டுப் போகவேண்டும்" என்று கட்டட முதலாளி நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்.

இரண்டாவது முறைப்பாடு எழுதியவள் மூன்றாம் மாடி ஷென் ருவோலான். சீனாவில் படித்து வந்த கலைக்காரி. காலையில் எழும்பியதும் கண்ட கனவை வரைந்து, மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, தாளை வைத்துத் தேய்த்துப் படமாக எடுப்பாள். ஒருநாள் மத்தியானம் அவள் அயர்ந்து தூங்க, குழாய் பார்க்கிறேன் என்று அருமைராசா உள்ளே போய்க் கட்டிலடியில் நின்றிருக்கிறார். கண் விழித்தவள் கத்திய கத்தலில் மாடியே திரண்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் பெயரைக் கேட்டாலே அவருக்குப் பல் நெரியும்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை பேரின்பநாதன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், நூலகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில உங்கட படம் தொங்குது. சனம் நிண்டு நிண்டு பாக்குது."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்?"

"கண்கூடாப் பாத்தனான். அச்சொட்டா நீங்கள்தான். தலையில மட்டும் ஏழு கண்."

அருமைராசா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஓடினார். சுவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். நடுவில் ஒரு வளைந்த மனிதன், கதவிடுக்கால் பாதி உடம்பை நுழைத்தபடி. ஏழு கண். அவர் போட்டிருந்த அதே வயிறு தள்ளிய கம்பளிச் சட்டை. இடுப்பில் சாவிகள் பூரான் மாதிரி நெளிந்தன. கீழே வரிசையாகப் படுத்திருந்த ஆட்களுக்கு முகமே இல்லை.

ருவோலான் அங்கேதான் நின்றாள். இருவருக்கும் தெரிந்தது அரைகுறைப் பிரெஞ்சு.

"இதை இறக்கு!"

"ஏன்? இது நீயா?"

மாட்டிக்கொண்டார். "நான் இல்லை. நான் சாவி இடப்பக்கம் கொழுவுகிறவன். இவன் வலப்பக்கம்."

"அப்ப உனக்கு என்ன கோபம்? என் கனவுக்குள் வா என்று நான் கூப்பிட்டேனா? அங்கேயும் நீ தட்டிவிட்டுக் காத்திருக்கவில்லை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்காட்சியின் கடைசி ஞாயிறுக்குக் கட்டட முதலாளிக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறாள் என்று அங்கேதான் தெரியவந்தது. அருமைராசா காசுப்பையை எடுத்தார். இந்தப் படத்தை முதலாளி கண்டால் மூன்றாவது முறைப்பாடு தனியாக வேண்டுமா? படத்தை விலைக்கு வாங்கி, சுவரிலிருந்தே கழற்றிக்கொண்டு வந்து, நிலவறையில் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மச்சான்காரன் திரும்பி வந்தான்.

"அத்தான், அதே ஆணியில அதே படம்."

"கிழிச்செல்லோ போட்டனான்!"

"ஒரு பலகையில முப்பது படம் அடிப்பினமாம். இன்னும் இருபத்தொன்பது நீங்கள் கிடக்கு."

யோகராணி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். "இஞ்சேருங்கோ, சும்மா இருங்கோ. வீடு போயிடும்."

"அந்தப் பலகையைக் கொத்தி எரிச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்."

செவ்வாய் காலை ருவோலான் பேருந்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனார். பழக்கதோஷத்தில் தட்டினார். பழக்கதோஷத்திலேயே திறந்தார்.

ஜன்னலோரம் பலகை சாய்ந்திருந்தது. மை ஊறிக் கன்னங்கரேல் என்று இருந்தது. தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பலகையில் இருந்தவனின் சாவி இடது இடுப்பில் தொங்கியது. கனவில் கண்டதைக் கண்ட மாதிரியே அவள் செதுக்கியிருக்கிறாள். தாளில் விழும்போதுதான் பக்கம் மாறியிருக்கிறது. குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். இல்லையென்று சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

பின்னால் காலடி கேட்டது. மறந்த தொப்பியை எடுக்க ருவோலான் திரும்பி வந்திருந்தாள். கத்துவாள் என்று அவர் பார்த்தார். அவள் கத்தவில்லை. கதவில் சாய்ந்து, பையிலிருந்து கொப்பியையும் பென்சிலையும் எடுத்தாள்.

"பூஜ் பா," என்றாள். அசையாதே.

பலகையை அணைத்தபடி அருமைராசா நின்றார். கை உளைந்தது. வரைந்து முடித்ததும் பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்து, வெளியே கை காட்டினாள். முறைப்பாடு என்று அவள் ஒரு வரியும் எழுதவில்லை. திகதியைப் போட்டு அந்தப் படத்தையே முதலாளிக்கு அனுப்பிவிட்டாள்.

இப்போது அருமைராசாவும் யோகராணியும் மொன்ட்ரியால்-நோரில் வாடகைக்கு இருக்கிறார்கள். பேரின்பநாதன் இடம் மாறவில்லை. போன கிழமை அவன் தொலைபேசியில், "அத்தான், புதுப் படம் வந்திருக்கு. இந்த முறை பலகையோட நிக்கிறியள்" என்றானாம்.

"என்னைக் கனவில கண்டு பிழைக்கிறாள், வெக்கங்கெட்டவள்," என்று அவர் போனை வைத்தார். வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைப் பார்த்தார். உள்பக்கம் அவரே போட்ட கொளுக்கி இரண்டும் பூட்டித்தான் இருந்தன.